வட்டமான நட்டுக்கு வைத்தியம்

நட்டு பிறக்கும்போது ஆறு முனையோடுதான் பிறக்கிறது. பிறகு அது ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவருகிறது. முதலில் வருகிற பிளம்பர் 13 போட வேண்டிய இடத்தில் 14 ஸ்பேனரைப் போட்டு ஒரு முனையைத் தேய்க்கிறார். அடுத்து வருகிறவர் கட்டிங் பிளேயரால் கிள்ளி இன்னும் இரண்டை எடுக்கிறார். மூன்றாமவர் உளியும் சுத்தியலுமாக வந்து மிச்சத்தையும் சமன் செய்துவிட்டு, “சார், இது ஜாம் ஆயிடுச்சு. மொத்தமா மாத்திடலாம்” என்கிறார். முனை மழுங்கி வட்டமாகிவிட்ட நட்டு எந்த ஸ்பேனருக்கும் கட்டுப்படாது. அதற்குப் பயப்படத் தெரிந்தது ஒரே ஒரு ஆயுதத்துக்குத்தான். அதன் பெயர் வைஸ் கிரிப்.

பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். தடித்த பிளேயர்தான். ஒரு கைப்பிடியின் வாலில் ஒரு திருகு, உள்ளே ஒரு ஸ்பிரிங், மற்றக் கைப்பிடியின் இடுக்கில் சின்னதாக ஒரு நாக்கு. திருகைத் திருப்பி வாயின் அளவை வைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் கையை எடுத்துவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். அது பிடித்த பிடியில் நிற்கும். நாக்கைத் தட்டினால் விட்டுவிடும். அதாவது, விட்டுவிட வேண்டும். மட்டமான வைஸ் கிரிப்புக்கும் நல்ல வைஸ் கிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்த ‘வேண்டும்’ என்பதில்தான் இருக்கிறது என்பது எங்கள் குளியலறையில் நிரூபணமான உண்மை.

நாங்கள் இருப்பது வில்லிவாக்கத்தில். போர் தண்ணீரின் உப்புக்கு இரும்பு என்றால் கொள்ளைப் பிரியம். குழாய், வால்வு, மோட்டார் போல்ட் என்று எதையும் விட்டுவைக்காது. ஆனால் ஆண்டவன் வியாதியைக் கொடுத்த இடத்திலேயே வைத்தியரையும் கொடுத்திருக்கிறான். 1955-இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கிறார்கள். தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறதோ இல்லையோ, ஒரு ரிட்டையர்டு ஃபிட்டர் நிச்சயம் இருப்பார். எங்கள் ஃபிட்டர் சார் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். காலையில் நான் சுத்தியலால் ஒரு ஆணியை அடித்தால், அடித்த சத்தத்தை வைத்தே, “தம்பி, கோணலா இறங்குது” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்.

எங்கள் வீட்டுக்கு முதல் வைஸ் கிரிப்பைக் கொண்டுவந்தவன் என் மச்சான். ஏதோ ஒரு பொருட்காட்சியில், காய் சீவும் கட்டையோடும் ஒரு டார்ச் லைட்டோடும் சேர்த்து 150 ரூபாய்க்கு வாங்கினானாம். மூன்றில் எது இலவசம் என்பது இன்றுவரை தெரியவில்லை. பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. கைப்பிடியில் ‘க்ரோம் வனேடியம்’ என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. அதே சமயத்தில் குளியலறைக் குழாயின் கைப்பிடி உடைந்து, வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். தண்டில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். ‘டக்’. “பார்த்தீங்களா மாமா, பிளம்பருக்கு 400 ரூபா மிச்சம்” என்றான்.

மிச்சம்தான். ஆனால் அந்த வைஸ் கிரிப் குழாயை விட்டு வர மறுத்துவிட்டது. நாக்கைத் தட்டினோம், நாக்கு வளைந்தது. கைப்பிடியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுத்தோம். குழாய் சுவரிலிருந்து ஆடியது. மாமியார் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார். கடைசியில் அதையே குழாயின் கைப்பிடியாக ஏற்றுக்கொண்டு குடும்பம் நடத்தத் தொடங்கினோம். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் குளிக்கப் போகுமுன் அவர்களுக்கு ஒரு செயல்முறை விளக்கம் தருவது என் பொறுப்பாயிற்று. துண்டு மாட்ட வசதியாக இருக்கிறது என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

பிறகு ஒரு நாள் அது வேறு முகத்தைக் காட்டியது. என் மனைவி குழாயை மூடப் போக, வாய் பூட்டியபடியே இருக்க, தண்டு மட்டும் உள்ளே நழுவிச் சுற்றியது. தண்ணீர் முழு வேகத்தில் கொட்டியது. மேல் தொட்டி காலியாகும்வரை கொட்டியது. விட வேண்டிய நேரத்தில் பிடித்தது, பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டது. இப்படி ஒரு குணத்தை நான் சொந்தக்காரர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

ஃபிட்டர் சார் வந்தார். நாக்கை அவர் தொடவே இல்லை. வேறொரு பிளேயரால் வாலில் இருந்த திருகைப் பிடித்து இடப்பக்கமாக மெல்லத் திருப்பினார். ‘டொக்’கென்று வாய் திறந்தது. “திருகை அளவுக்கு மேல முறுக்கிட்டுப் பூட்டினா நாக்கு பாவம் என்ன செய்யும்? எதிர்ப்பக்கம் லூஸ் பண்ணா தானா வரும்” என்றார். இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை குளியல்கள் போயின! பிறகு அந்த வாயைத் திறந்து, நகத்தால் பல் வரிசையைத் தடவினார். நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. “தம்பி, இது பல்லே இல்ல. பல்லு மாதிரி கோடு கிழிச்சு வச்சிருக்கான்” என்றார். க்ரோம் வனேடியம் என்ற எழுத்தைக் காட்டினேன். “எழுத்து இரும்பைக் கெட்டியாக்காது” என்று தீர்ப்பு வந்தது.

மறுநாளே நல்லதாக ஒன்று வாங்கப் போவதென்று முடிவாயிற்று. அன்று இரவு இந்தக் கருவியின் பூர்வீகத்தைப் படித்துப் பார்த்தேன். கண்டுபிடித்தவர் ஒரு கொல்லர். பெயர் வில்லியம் பீட்டர்சன். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, நெப்ராஸ்கா மாநிலத்தில் டி விட் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்தவர். கொல்லனுக்கு எப்போதுமே ஒரு கை குறைவு. ஒரு கை இரும்பைப் பிடிக்க வேண்டும், ஒரு கை அடிக்க வேண்டும், மூக்கு அரித்தால் சொறிய மூன்றாவது கை கிடையாது. அந்த மூன்றாவது கையை அவர் அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்து, பிறகு இரும்பில் அடித்தார். பூட்டிக்கொள்ளும் பிடிக்கு 1924-இல் காப்புரிமை வாங்கினார். காரின் பின்பெட்டியில் போட்டு எடுத்துப்போய் விவசாயிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் விற்றார். 1938-இல் அதே ஊரில் தொழிற்சாலை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வெல்டர்கள் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்க இதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

இதில் என்னைக் கவர்ந்த செய்தி வேறு. தட்டினால் லேசாக விடுகிற அந்த நாக்கு சேர்ந்தது 1957-இல்தான். பிடிக்கக் கற்றுக்கொடுத்து முப்பத்து மூன்று வருஷம் கழித்துத்தான் நோகாமல் விடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பூட்டியதைப் பிரிக்கக் கையால் மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் எத்தனை குளியலறைகளில் எத்தனை மச்சான்கள் திணறினார்களோ! 2008-இல் டி விட் தொழிற்சாலையை மூடிவிட்டு உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றினார்கள். அறுநூறு பேர்கூட இல்லாத அந்த ஊரில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. ஊரே பிடித்துக்கொண்டிருந்ததை ஒரு கையெழுத்தில் விடுவிக்கும் நாக்கு கம்பெனி அலுவலகங்களில் எப்போதுமே இருக்கும் போலிருக்கிறது.

மறுநாள் பாரிமுனை. லிங்கிச் செட்டித் தெருவில் நடப்பதே ஒரு கலை. ஒரு பக்கம் மீன்பாடி வண்டியில் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டு வரும். மறுபக்கம் கடை வாசலில் சங்கிலியும் கப்பியும் தொங்கும். இரண்டுக்கும் நடுவே தலையைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தோம். “வைஸ் கிரிப்” என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஏழா, பத்தா? வளைஞ்ச வாயா, நேர் வாயா, நீட்டு மூக்கா?” என்றார். ஓட்டலில் தோசை என்று சொல்லிவிட்டு முழித்தவன் போல நின்றேன்.

ஃபிட்டர் சார்தான் பதில் சொன்னார். நட்டு, போல்ட், குழாய் என்று உருண்டையும் ஆறுமுகமுமாகப் பிடிக்க வளைந்த வாய். பட்டையான தகட்டைப் பிடிக்க நேர் வாய். கை நுழையாத இடுக்குக்கு நீட்டு மூக்கு. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் வளைந்த வாயில் 10 அங்குலம். அது ஏறக்குறைய 47 மில்லிமீட்டர்வரை வாயைத் திறக்கும், வீட்டில் அதைவிடப் பெரிய வாய் தேவைப்படாது என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தின்போது என் பக்கம் திரும்பாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

கண்ணாடி மேசையின் மேல் மூன்று நான்கு வந்து விழுந்தன. ஜெர்மனியில் 1882 முதல் பிளேயர் செய்கிற க்னிப்பெக்ஸின் விலையைக் கேட்டதும் நான் மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். நாசிக்கிலிருந்து வரும் தபாரியாவை ஃபிட்டர் சார் கையில் எடுத்தார். எடுத்தவர் விலையைக் கேட்கவில்லை, பரிசோதனையைத் தொடங்கினார்.

முதலில் வாயை மூடி, ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நுனியில் நேர்க்கோட்டில் சேர்கிறதா, வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் கசிகிறதா என்று பார்க்க. அடுத்து, கீழ்த்தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ரிவெட்டில் ஆட்டம் இருந்தால் இன்றைக்குக் கடுகளவு, ஆறு மாதத்தில் மிளகளவு என்றார். மூன்றாவதாக, வால் திருகை ஒரே விரலால் கடைசிவரை ஓட்டினார். நடுவில் எங்கேயும் சிக்கக்கூடாது. மரை கரகரவென்று இருந்தால் மண்ணும் துருவும் சேர்ந்த பிறகு அது ஓடவே ஓடாது. நான்காவதாக, கடைக்காரரின் மேசையிலிருந்த தினசரியில் ஒரு கீற்றைக் கிழித்து வாயில் கொடுத்துப் பூட்டி இழுத்தார். தாள் கிழிந்து வந்தது. “கிழியணும். உருவிக்கிட்டு வந்தா அந்தப் பல்லு பல்லில்ல.” கடைக்காரர் தான் இன்னும் படிக்காத பக்கத்தைத் துயரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சோதனைக்கு நோயாளியையே கூட்டிவந்திருந்தார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், தலை முழுக்க மழுங்கித் துருவேறிய ஒரு போல்ட். அதை வாயில் வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, ஒவ்வொரு முறையும் கைப்பிடியை மூடிப் பார்த்தார். சும்மா மூடினால் பிடி போதாது. இரண்டு கையால் அமுக்கினாலும் மூடவில்லை என்றால் திருகு அதிகம். ஒரு கையால் அழுத்த, முக்கால்வாசியில் எதிர்ப்பு வந்து, கடைசி நொடியில் அது அடங்கி ‘டக்’கென்று விழ வேண்டும். அந்தக் கடைசி நொடியில்தான் சூட்சுமம். உள்ளே இருக்கும் கம்பியும் கைப்பிடியும் சேரும் மூட்டு நேர்க்கோட்டுக்கு வரும்போது கையின் சின்ன பலம் பல மடங்காகப் பெருகுகிறது. கோட்டை மயிரிழை தாண்டியதும் முட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு நட்டு எவ்வளவு திமிறினாலும் அந்தத் திமிறல் பூட்டை இன்னும் இறுக்கத்தான் செய்யும். நாக்கின் வேலை, அந்த மூட்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுவது மட்டும்.

ஃபிட்டர் சார் நாக்கைக் கட்டை விரலால் தொட்டார். வாய் திறந்தது. தெறித்துத் திறக்கவில்லை, உள்ளங்கைச் சதையைக் கவ்வவில்லை. இதையே திரும்பத் திரும்பச் செய்துபார்த்துவிட்டு, “பிடிக்கிறதை எல்லாரும் பாப்பாங்க. விடுறதைப் பாத்து வாங்கு” என்றார். பொட்டலத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். போல்ட்டுக்கு அடுத்த கடையிலும் வேலை இருக்கலாமல்லவா?

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் அடியில் வட்டமாகிக் கிடந்த பழைய நட்டின் மேல் புது வைஸ் கிரிப்பை வைத்தோம். முந்தின இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தது. பூட்டி, ஒரு வெட்டு இடப்பக்கம். பல வருஷமாகப் பல பிளம்பர்களைத் திருப்பி அனுப்பிய நட்டு, ஒரு முனகலோடு சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆழமான பல் தடம். குலைந்துபோயிருந்தது. “இது கழட்டின நட்டு மறுபடி உதவாது. தூக்கிப் போடு, புதுசு போடு. புது நட்டு மேல இது வாயை வச்சே, நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்றார்.

அந்த மிரட்டலுக்குப் பயந்து ஒரு ரிங் ஸ்பேனர் செட் வாங்க வேண்டியதாயிற்று. வைஸ் கிரிப்பைவிட அதற்கு விலை அதிகம். அதாவது, நல்ல வைஸ் கிரிப் வாங்கியவன் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்காக மேலும் பணம் செலவழிக்கிறான். என் மனைவிக்கு இந்தக் கணக்கு இன்னும் விளங்கவில்லை. கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் தினமும் சுடுகிறார்களா என்று கேட்டேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பொட்டலத்தில் போல்ட்டோடு அலைவதில்லை என்றாள்.

இப்போது பிளம்பர் வந்து, “சார், வைஸ் கிரிப் இருந்தா குடுங்க” என்று கேட்டால் இல்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். 13-க்கு 13-ஐ எடுத்து நீட்டுகிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். அதற்கும் நட்டு அசையவில்லை என்றால்தான் பீரோ சாவியைத் தேடப் போகிறேன். சாவி மனைவியிடம் இருக்கிறது. அவள் லேசில் விடுகிற ரகமில்லை.