கேரி ஆனா, கீப் அட் இட்டா?

கேள்வி: எஸ்.பி.எம். எழுதப்போகும் என் மகள், கட்டுரையில் எங்கு பார்த்தாலும் 'கேரி ஆன்' என்றே எழுதுகிறாள். கீப் ஆன், கீப் அட் இட், பெர்சிஸ்ட், பெர்சிவியர் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகர், உம்பாய், மலாக்கா

பதில்: ஒரே குடும்பம்தான், குணம் வேறு. கித்தாத் தோட்டத்தில் வைத்தே பார்ப்போம். மழையில் பட்டை நனைந்தால் சீவ முடியாது. காய்ந்ததும் மறுபடி கத்தியை எடுத்தால் அது கேரி ஆன். மரத்தில் காயம் படாமல் பட்டையை மெல்லியதாகச் சீவ, புதிதாய் வந்தவர் தினமும் கைப்பழக்கம் செய்கிறாரே, அதுதான் கீப் அட் இட். மரம் சீவிக் கிடைத்த வருமானத்தில் வருடக்கணக்காகப் போராடிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்களே, அந்தப் பெற்றோருக்குத்தான் பெர்சிவியர் பொருந்தும். அந்தச் சொல்லை எழுதும்போது நடுவில் கூடுதலாக ஓர் 'ஆர்' நுழைத்துவிட வேண்டாம். பலர் சறுக்குமிடம் அது.

கீப் ஆனில் நச்சரிப்பும் ஒலிக்கும்: ஓயாமல் புலம்புகிறவருக்கும் அதே சொல்தான். பெர்சிஸ்டில் பிடிவாதம் உண்டு. மருந்து அட்டையைப் பாருங்கள், விடாத தலைவலிக்கும் அதைத்தான் போட்டிருப்பார்கள்!

கேரி ஆனுக்குப் பெரும் புகழ் தந்தது, போர்க்கால மக்களைப் பதறாமல் வேலையைத் தொடரச் சொல்லி 1939-இல் பிரிட்டிஷ் அரசு அச்சிட்ட சுவரொட்டி. லட்சக்கணக்கில் அச்சிட்டும் பெரும்பாலும் ஒட்டவே இல்லை. 2000-இல் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிறகே உலகம் சுற்றியது. ஆனால் ஓர் ஆளோடு 'கேரி ஆன் வித்' என்று எழுதினால் கள்ளக்காதல் என்றும் பொருள்படும், ஜாக்கிரதை!

தேர்வுவரை மகளிடம் சொல்ல வேண்டியது, கீப் அட் இட்.