அப்பா கட்சி

கனடாவில் பனியைப் பற்றிப் பேசினால் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற பெயர் வராமல் இருக்காது. பனியில் ஓடும் வண்டிகளைக் கண்டுபிடித்த மேதை. பள்ளிப் பாடத்தில் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. அவருடைய அப்பா ஆல்ஃபிரெட் மட்டும் கதையில் ஒரே ஒரு வரிக்கு வருவார். மேதை கட்டிய முதல் வண்டியைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு மறைந்துவிடுவார். படிக்கிறவர்கள் எல்லாரும் பையன் பக்கம் சாய்ந்து, “அடப்பாவி மனுஷா!” என்பார்கள். நான் அப்பா கட்சி.

ஊர் வால்கூர். கியூபெக் மாகாணத்துக் கிராமம். அந்தக் காலத்தில் அங்கே கார் வைத்திருந்தவர்கள் பனி விழ ஆரம்பித்ததும் அதைக் கொட்டகையில் ஏற்றிவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரைச் சறுக்குவண்டியில்தான் போய்வந்தார்கள். சாலையில் விழுந்த பனியை அகற்ற ஆளில்லை. சக்கரம் புதைந்தால் புதைந்ததுதான்.

ஆல்ஃபிரெடுக்கு எட்டுப் பிள்ளைகள். தலைச்சன் ஜோசப்-அர்மான். கை சும்மா இருக்காது. கடிகாரம் கிடைத்தால் பிரித்து, உள்ளே இருக்கும் பற்சக்கரங்களை வைத்துப் பொம்மை ரயில் செய்துவிடுவான். இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அப்பாவின் காருக்கு என்ன பாதுகாப்பு? அவர் யோசித்து, இனி தேறாது என்று எல்லாரும் கைவிட்ட ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி-யைப் பையனிடம் தள்ளிவிட்டார். நல்ல காரைக் காப்பாற்றச் செத்த காரைப் பலி கொடுத்த அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மாடல் டி இன்ஜினை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு சிலிண்டர், 2.9 லிட்டர், இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு கொடுப்பது 20 குதிரைச் சக்தி. கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொண்டு, கைப்பிடியைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்து, தீப்பொறி கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிட்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு போச்சு. இப்படிக் கை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம். அந்த முறிவுக்கு டிரைவர்கள் பெயரையே மருத்துவர்கள் சூட்டிவிட்டார்கள்.

இந்த இன்ஜினைத்தான் பதினைந்து வயசுப் பையன் வைத்துக்கொண்டு யோசித்தான். யோசனையில் குறை சொல்ல முடியாது. பனியில் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. பிடிமானமே தேவைப்படாத ஒன்றால் தள்ளினால்? காற்றைப் பின்னால் தள்ளினால் வண்டி முன்னால் போய்த்தானே ஆக வேண்டும்! கீவ் நகரத்தில் ஹெலிகாப்டர் மேதை இகோர் சிகோர்ஸ்கியும் 1909-இல் கட்டிய ஹெலிகாப்டர் தரையை விட்டுக் கிளம்பாத கடுப்பில் சறுக்குவண்டிக்குப் புரொப்பல்லர் மாட்டி ஓட்டியவர்தான். ஆகவே பையன் நல்ல சகவாசத்தில்தான் இருந்தான்.

இரண்டு சறுக்குவண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்தான். பின்வண்டியில் இன்ஜின். அதற்கும் பின்னால், கையால் செதுக்கிய மரப் புரொப்பல்லர். முன்னால் உட்கார்ந்து வண்டியைத் திருப்பும் பொறுப்பு தம்பி லெயோபோலுக்கு. அண்ணனாகப் பிறந்தவர்கள் ஆபத்தான இடத்தில் தம்பியை உட்கார வைப்பது உலக வழக்கம். ஆனால் இந்த வண்டியில் எந்த இடம் ஆபத்தில்லாத இடம் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

1922 டிசம்பர் 31. வருஷத்தின் கடைசி நாள், சொந்தபந்தமெல்லாம் கூடுகிற நேரம். வால்கூர் தெருவில் அந்த வண்டி கிளம்பியது. ஓடியது! சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம், குதிரை இல்லாமல், சக்கரம் இல்லாமல், இரண்டு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஊரைக் கிழித்துக்கொண்டு போனது. வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள்.

ஆல்ஃபிரெட் கலங்கவில்லை. உடனே பிரித்துப் போடச் சொன்னார்.

வாசலில் நின்று அவர் கண்ணால் பாருங்கள். பெற்ற பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றுகிறது ஒரு மரக் கத்தி. அதைச் சுற்றி ஒரு கூண்டு கிடையாது, கம்பிவலை கிடையாது. தெருவில் குழந்தைகள், நாய்கள், குதிரைகள். புரொப்பல்லர் வண்டி சட்டென்று நிற்காது; பின்னால் வராது; மேடு வந்தால் திணறும்; போகிற வழியெல்லாம் பனித்தூளை வாரி, பின்னால் வருகிறவர் முகத்தில் இறைக்கும். “சபாஷ், இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்கடா” என்று எந்த அப்பன் சொல்வான்?

வண்டி பிரிக்கப்பட்டது. பையனைப் பாதிரியாராக்கலாம் என்று ஷெர்ப்ரூக் நகரத்துக் குருமடப் பள்ளியில் படிக்க வைத்தார்கள். அங்கே அவன் ஜெபத்தைவிட ஸ்பானரையே அதிகம் நினைத்திருப்பான் என்பது என் ஊகம். பதினேழு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஒரு கராஜில் வேலை பழகப் போய்விட்டான். 1926-இல், பத்தொன்பது வயதில், வால்கூரிலேயே சொந்தக் கராஜ். அதற்குப் பணம் கடனாகக் கொடுத்தது யார்? அதே ஆல்ஃபிரெட்தான். இந்த வரியைப் புத்தகங்கள் கொஞ்சம் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன.

கோடையில் ஊர்க்காரர்களின் கார்களைப் பழுது பார்ப்பதும், குளிர்காலத்தில் பனிவண்டி ஆராய்ச்சியுமாக வருஷங்கள் ஓடின. 1934-இல் ஜோசப்-அர்மானின் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி ஷெர்ப்ரூக்கில். சாலை முழுக்கப் பனி. கராஜில் இருந்த வண்டியோ ஓடுகிற நிலையில் இல்லை. குழந்தை பிழைக்கவில்லை.

அதன் பிறகு வந்த வண்டியில் விளையாட்டுத்தனம் கிடையாது. ரப்பர் போர்த்திய பற்சக்கரம், அது இழுத்துச் சுழற்றும் ரப்பர் பட்டை, முன்னால் சறுக்குக்கட்டை. 1937-இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பி7 வண்டியில் மருத்துவர்களும் தபால்காரர்களும் பனியைத் தாண்டினார்கள். 1942-இல் கம்பெனி. 1948-இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்க, வியாபாரம் படுத்துவிட்டது. ஊருக்கு நல்லது நடந்தால் நஷ்டப்படும் தொழில்! மனிதர் அசரவில்லை; காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் பட்டை வண்டி செய்தார். 1959-இல் ஒருவர் இருவர் ஏறிப் பறக்கும் ஸ்கி-டூ வந்தது. பனிக்காலம் என்றால் வீட்டில் முடங்குவது என்றிருந்த ஜனங்கள், பனி எப்போது விழும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

இந்த வண்டிகளில் எதையாவது குனிந்து பாருங்கள். புரொப்பல்லர் இருக்காது. மேதையும் கடைசியில் அப்பா வழிக்குத்தான் வந்தார்.

1964-இல் அவர் காலமான பிறகு, கம்பெனி பனியை விட்டு ரயிலுக்குப் போனது, விமானத்துக்குப் போனது. 1992-இல் டி ஹாவிலண்ட் கனடாவை வாங்கியதும் புரொப்பல்லர் ஒருவழியாகக் குடும்பத்துக்குத் திரும்பியது. பிற்பாடு பொம்பார்டியே பெயரில் வந்த கியூ400 விமானத்துக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு புரொப்பல்லர், ஒவ்வொன்றிலும் ஆறு அலகு. ஸ்பைஸ்ஜெட் வாங்கிச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கவிட்டது இதைத்தான். இறங்கி ஓடுதளத்தில் நடக்கும்போது யாராவது செல்ஃபி எடுக்க இறக்கைப் பக்கம் ஒதுங்கினால், மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருவார்: “சார், அந்தப் பக்கம் போகாதீங்க!”