ஒரு டம்ளர் தண்ணி, சீனத்தில்

வேலை நிமித்தமாகச் சீனாவின் செங்டு நகருக்குப் போயிருந்தேன். 2010-இல் யுனெஸ்கோ ‘உணவுக்கலை நகரம்’ என்று பட்டம் கொடுத்த ஊர். காரமெல்லாம் நமக்கு ஜுஜுபி என்ற வீறாப்பில், அங்கேயே பிறந்த பண்டமான மாப்போ தோஃபு வாங்கினேன். மிளகாயைச் சமாளித்துவிட்டேன். கூட இருந்த சிச்சுவான் மிளகுதான் கவிழ்த்தது. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி நாக்கு மரத்துவிட்டது.

தண்ணீர் கேட்கவேண்டும். சொற்கள் கைவசம் இருந்தன: வோ – நான், யி – ஒன்று, பெய் – குவளை, ஷுவெய் – தண்ணீர், கெய் – கொடு. ‘எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க’ என்று மனசுக்குள் சொல்லி, அதே வரிசையில் அடுக்கினேன்: “வோ யி பெய் ஷுவெய் கெய்!”

பரிமாறிய அக்கா என் கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். நான் அவருக்குத் தண்ணீர் தரப்போவதாக நினைத்துக்கொண்டார் போல.

தமிழில் ‘எனக்கு’ என்பதில் ‘கு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாக்கியத்தை எப்படிப் புரட்டினாலும் தண்ணீர் நம்மிடம்தான் வரும். சீனத்தில் வேற்றுமை உருபே கிடையாது. ‘நான்’ என்றாலும் வோ, ‘எனக்கு’ என்றாலும் வோ. ‘கெய்’க்கு முன்னால் நின்றால் கொடுப்பவன், பின்னால் நின்றால் வாங்குபவன். ரேஷன் கடை வரிசை மாதிரி, இடம் விட்டால் போச்சு.

வரிசையில் ஒழுங்காக நின்றேன்: “சிங் கெய் வோ யி பெய் ஷுவெய்.” தயவுசெய்து, கொடுங்கள், எனக்கு, ஒரு குவளை, தண்ணீர். அக்கா முகம் மலர்ந்தது. தண்ணீரும் வந்தது, ஆவி பறக்க! இலக்கணம் சரி, நாடு சீனா. அங்கே வெந்நீர்தான் உபசாரம்.

ஐஸ் தண்ணீர் உண்டா என்று கேட்டேன்: “யோவ் மெய் யோவ் பிங் ஷுவெய்?” யோவ் என்றால் உண்டு, மெய் யோவ் என்றால் இல்லை. இரண்டையும் சேர்த்தால் நம்ம ‘இருக்கா இல்லையா’தான்.

“மெய் யோவ்!” என்றார் அக்கா.

மரியாதையாகக் கேட்டவனை ‘யோவ்’ என்கிறாரே என்று ஒரு கணம் சுருக்கென்றது. முதல் ‘யோவ்’ போட்டவன் நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் அதே கடை. வாசலிலேயே அக்கா கேட்டார்: “ச்சி ல மா?” பிரித்துப் பார்த்தேன். ச்சி – சாப்பிடு. ல – ஆச்சு. மா – கேள்விக்கு வரும் நம்ம ஆ. சாப்பிடு, ஆச்சு, ஆ. அட, ‘சாப்டாச்சா?’

இன்னும் இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். கேட்காமலே முன்னால் வந்தது ஒரு குவளை வெந்நீர். வாக்கியம் அமைக்கும் வேலை மிச்சம். ஊதி ஊதிக் குடித்தேன்.