நானே வழிகாட்டி

கொச்சிக்குப் போனால் வழிகாட்டிக்குக் காசு தர வேண்டாம், நானே போதும் என்று கோவையில் ரயில் ஏறும்போதே மச்சினன் குடும்பத்திடம் சொல்லிவிட்டேன். என் வாய்தான் எனக்கு எமன்.

மட்டாஞ்சேரியில் முதல் அடி. "டச்சு அரண்மனை. பெயரே சொல்லுதே, டச்சுக்காரன் கட்டினது" என்றேன். ஏழாவது படிக்கும் மச்சினன் மகள் செல்போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்ததாம். 1663இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததோடு சரி. "ரிப்பேர் பண்ணவன் பேர்தான் நிக்குமா மாமா?" என்றாள். எனக்குத் திடீரென்று தாகம் எடுத்தது.

அடுத்து ஃபோர்ட் கொச்சி. 1524இல் இந்த ஊரில் இறந்த வாஸ்கோடகாமாவைப் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான் புதைத்தார்கள். கல்லறை முன் எல்லோரையும் ஒரு நிமிடம் கண்மூடி நிற்க வைத்தேன். அவருடைய எலும்புகள் 1539இலேயே போர்ச்சுகல் போய்விட்டன என்பதை வெளியே வந்த பிறகு அதே பெண் சொன்னாள். காலிக் குழிக்கு மரியாதை செலுத்தியிருக்கிறோம்.

"பழசு போதும், உயிரோடு இருக்கிற துறைமுகத்தைக் காட்டுகிறேன்" என்று வைப்பின் தீவுக்குப் போகும் ஜங்காரில், அதாவது வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகில், ஏற்றினேன். அங்கிருந்து கோஸ்ரீ பாலம் தாண்டினால் வல்லார்பாடம். ஜங்காரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, மனப்பாடம் செய்து வந்ததை அவிழ்த்துவிட்டேன். 1341 பெரியாற்று வெள்ளத்தில் நம் பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்து, இங்கே கழிமுகம் திறந்துகொண்டது என்பார்கள். 1500இல் போர்த்துகீசியக் கப்பல் தலைவன் கப்ரால் இங்கே மிளகு ஏற்றினான். 1503இல் கோட்டை எழும்பியது. பிறகு பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுக வாயிலில் கிடந்த மணல்திட்டை வெட்டி, 1928இல் பத்மா என்ற கப்பலை உள்ளே வரவைத்தார். தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவு. 2011இல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம். ஆழம் எங்கேயோ கப்பல் அங்கே. கப்பல் போன இடத்தில் ஊர் மட்டும் மிச்சம் என்று முத்தாய்ப்பு வைத்துத் திரும்பினேன். பின்னால் யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். என் குடும்பம் வைப்பின் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தது. ஜங்கார் என்னோடு ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அடுத்த நடையில் போய்ச் சேர்ந்து, வல்லார்பாடம் முனையத்தின் வாசலுக்கு அழைத்துப்போனேன். பாஸ் இருக்கிறதா என்று காவலர் கேட்டார். அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வரிசையாக நின்ற லாரிகளுக்கு மேலே கிரேன்களின் தலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மிஞ்சியது வல்லார்பாடத்து மாதா கோயில். 1524இல் போர்த்துகீசியர் எழுப்பியது. 1676 வெள்ளத்தில் இடிந்து, மறுபடி கட்டப்பட்டது. (இதை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டேன்.) முற்றம் பெருக்குவது இங்கே நேர்ச்சை. செய்த பாவத்துக்கு நானும் ஒரு விளக்குமாற்றை எடுத்தேன். பெருக்கப் பெருக்க, சருகெல்லாம் திரும்பி என் காலடிக்கே வந்தது. பக்கத்தில் பெருக்கிய அம்மச்சி, "காற்று பார்த்து அடிக்கணும் மோனே" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

வழிகாட்டிக்குத் தராமல் மிச்சம் பிடித்த பணத்தை என் மனைவி அங்கேயே உண்டியலில் போட்டுவிட்டாள்.