கஞ்சாவுக்கு வரி போட்டால்?

கேள்வி: கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி வரி போட்டால் கஜானா நிரம்பும், கள்ளச்சந்தையும் ஒழியும் என்கிறார்களே?

பதில்: கஜானாவுக்குக் கொஞ்சம் வரும். அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரி 1 அன்று கஞ்சாக் கடைகள் திறந்தன. கலால் வரியில் ஆண்டுக்கு முதல் 4 கோடி டாலர் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று வாக்காளர்களே தீர்மானித்திருந்தார்கள்.

கள்ளச்சந்தை அவ்வளவு சுலபத்தில் ஒழியாது. கலிபோர்னியாவைப் பாருங்கள். 2018-ல் கடை திறந்த கையோடு வரிமேல் வரி! விளைவித்தவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு 15 சதவீதம், அதன்மேல் விற்பனை வரி, பல ஊர்களில் நகராட்சி வரி வேறு. தெருமுனை வியாபாரிக்கு ரசீதும் கிடையாது, வரியும் கிடையாது; அவன் காட்டில் மழை. கடைசியில் 2022-ல் விளைச்சல் வரியை அரசே ரத்து செய்தது. இன்னொரு தொல்லை: அமெரிக்க மத்திய அரசின் கஞ்சாத் தடை நீங்காததால் பல வங்கிகள் கணக்குத் தர மறுத்தன. உரிமம் பெற்ற கடைக்காரர் நோட்டுக்கட்டுகளைப் பையில் சுமந்துபோய் வரி கட்டினார்!

வரியைத் தொடக்கத்தில் குறைவாக வைப்பதே புத்திசாலித்தனம். ஆனால் என்னைக் கேட்டால், சட்டத்தை மாற்றப் பணம் முதல் காரணமே அல்ல. ஒரு பொட்டலத்துக்காக இளைஞனைச் சிறையில் தள்ளி, பிறகு அவனுக்கு வேலையே கிடைக்காமல் செய்வது அநியாயம். பழைய தண்டனைகளைக் குறைக்கவும் நீக்கவும் கலிபோர்னியா வழிவிட்டதே, அதற்குத்தான் என் கைதட்டல்.