கம்பியூட்டர் தம்பி

நுவரெலியாப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கோயில், ஒரு பிள்ளைக்காம்பரா, சங்கத்துக்கு ஒரு தலைவர், அதோடு ஒரு கம்பியூட்டர் தம்பி கட்டாயம் இருப்பார். ஹட்டனில் ஏதோ கோர்ஸ் படித்திருப்பார். கொழும்பில் சில காலம் கடையில் நின்றிருப்பார். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டி, படிப்பு போனுக்குள் போனதிலிருந்துதான் அவருக்கு இந்த மவுசு. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன்மார் அனுப்பிவைத்த பழைய லெப்டொப்புகள் அப்போதுதான் லயம் லயமாக வந்து இறங்கின. பாதி, வரும்போதே நோயாளி.

லெப்டொப் எழும்பவில்லை என்று ஆள் வந்தால் தம்பி உடனே கிளம்ப மாட்டார். தலை சீவ வேண்டும். பையைத் தேட வேண்டும். பைக்குள் இருப்பது சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், தங்கச்சியின் அழிறப்பர். அவ்வளவுதான், ஆனால் பையை யாரும் தொடக் கூடாது.

இஸ்தோப்பில் உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பம்.

“எப்ப இருந்து இப்பிடி?”

“நேத்து ராத்திரியில இருந்து தம்பி.”

“என்ன செஞ்சீங்க?”

“நாங்க ஒன்னுமே செய்யல.”

பிளேன்டீ கொட்டியது இந்த ‘ஒன்னுமே’க்குள் அடக்கம். அம்மாயிதான் கடைசியில் உண்மையைக் கக்குவார்: “பனியில ஈரமாச்சேன்னு அடுப்புக்கு மேல காய வச்சேன்ப்பா.”

“அம்மாயி, இது வெறகு இல்ல. சூட்டுக்கு பெட்டரி ஊதிரும்.”

உண்மையில் சில வீடுகளில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு நோய் தெரிந்திருக்கும். ரைஸ் குக்கரும் டிவியும் தொங்குகிற மல்டிபிளக்கில் சார்ஜர் பாதி கழன்று கிடக்கிறது. ஆனால் சொல்ல மாட்டார். ஒரு வீட்டில் போன கையோடு பிளக்கை அழுத்திவிட்டு “சரி” என்றாராம். “இதுக்கா ஒன்னைய கூப்பிட்டோம்?” என்று தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பிளக்கைக் கடைசியில்தான் தொடுவார். தொழில் தர்மம் இப்படித்தான் உருவாகிறது.

முதல் வைத்தியம், சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது. போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துபோனால், சிக்கி நின்ற போர்ட் புதிதாகத் தொடங்கும். விஷயம் இவ்வளவுதான். தம்பியோ கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார். அதைப் பார்த்து அம்மாயி தோட்டத்துக் காவல் தெய்வமான ரோதை முனிக்கு நேர்ந்துகொள்வார். எழும்பிவிட்டால் புகழ் யாருக்கு என்பதில் பின்னால் சிறு தகராறு வரும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் முகம் மாறும். போன் லைட்டைத் திரையில் சாய்த்து அடித்துப் பார்ப்பார். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் கெட்டிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அடிமூடியைக் கழற்றி, ரெம்மை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்ப்பார். நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்து ஈரமும் அடுப்புப் புகையும் அங்கே அப்பியிருக்கும். தேய்த்து, ஊதி, ‘டக்’கென்று திருப்பிப் பொருத்துவார். இந்த இடத்தில் நடிப்பே கிடையாது, கை சுத்தமான வேலைக்காரனின் கை. பாவம், பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வருவதும் இந்த இடத்தில்தான்.

வோல்டேஜைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். நோர்ட்டன், லக்ஸபான என்று நாட்டுக்கே கரண்ட் கொடுப்பது நம்ம மலை, லயத்து பல்ப் மட்டும் ஏன் அழுகிறது என்று ஆரம்பித்து, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய கதைக்கு வந்து நிற்பார். அதற்குள் இரண்டாவது தேத்தண்ணி ஆறிவிடும்.

எதற்கும் மசியாத லெப்டொப்பும் உண்டு. “தெரியல” என்ற சொல் அவர் வாயில் வராது. ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “போர்ட் போயிருச்சு, கொழும்புக்குத்தான் கொண்டு போகணும்” என்பார். வீடே அமைதியாகும். மாமா ஒருவர் மட்டும், “நான் அன்னைக்கே சொன்னேன்” என்பார்.

காசு வாங்க மாட்டார். வற்புறுத்தி ஒரு பை லீக்ஸ் கொடுத்தனுப்புவார்கள். அவர் வீட்டுக்குப் பின்னாலும் இரண்டு பாத்தி லீக்ஸ்தான். “திரும்பவும் லீக்ஸா?” என்று அம்மா கேட்பதற்குள், அடுத்த லயத்திலிருந்து ஒரு பையன் கெட்டுப்போன ரைஸ் குக்கரோடு வந்து நிற்கிறான்.