நடக்காத கலியாணத்தைப் படம் பிடித்தவனின் விண்ணப்பம்

இங்கிலாந்து, வேல்ஸ் திருமணச் சட்டத்தைக் கட்டிக்காக்கும் மேன்மைமிகு அதிகாரி அவர்களுக்கு,

கிழக்கு லண்டனில் கலியாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஒருவன் எழுதிக்கொள்வது. நான் நலம். 1949-இல் பிறந்த உங்கள் சட்டமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். வயதுக்கேற்ற பிடிவாதத்தோடு இருப்பதாகக் கேள்வி.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கடந்த ஜூன் முதல் வாரம், கென்ட் பகுதி எஸ்டேட் ஒன்றில், பன்னிரண்டு மணி நேரம் கால்கடுக்க நின்று, மூன்று கமெராக்களில், நடக்காத கலியாணம் ஒன்றைப் படம் பிடித்துவிட்டேன்.

எஸ்டேட் என்றதும் எங்கள் சனத்துக்குத் தேயிலைக் கொழுந்துதான் நினைவுக்கு வரும். இது வேறு வகை. பழைய மாளிகை, அதற்கு முன்னால் ஒரு கிராமமே குடியிருக்கத்தக்க புல்வெளி, அதன் கரையில் ஆடுகள். மாளிகைக்குள் யாரையும் விடுவதில்லை. வாடகைக்குக் கிடைப்பது வயல் மட்டும். வயலில் மார்க்கி. ஊரில் நாங்கள் பந்தல் என்போம். இங்கே பந்தலுக்கே காப்புறுதிப் பத்திரம் இருக்கிறது.

மார்க்கிக்குள் படம் பிடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பகலில் அந்த வெள்ளைத் துணி நல்ல மனம் படைத்தது. வெயிலை வடித்து, பொம்பிளையின் முகத்தில் பால்போல் ஊற்றும். பின்னேரம் ஊதா விளக்குகளைப் போட்டதும் அரக்குக் கூறை கத்தரிக்காய் நிறமாகிவிடும். நடுவில் நிற்கும் கம்பம் எந்தக் கோணத்தில் வைத்தாலும் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்கும். வேலிக்குப் பின்னால் ஜெனரேற்றர் சுருதி பிடிக்கும். நாதஸ்வரக்காரரின் சுருதி வேறு. மழை தூறினால் கூரையில் பொரி பொரிவதுபோல் ஒரு சத்தம். மந்திரம் எல்லாம் அதற்குள் போய்விடும்.

ஹோமம் வளர்க்கும் முன் கூடாரக்காரர் வந்து, ஐயருக்குப் பக்கத்தில் சிவப்புத் தீயணைப்பான் ஒன்றை நிறுத்திவிட்டுப் போனார். கணபதி, கலசம், தீயணைப்பான் என்று மணவறையில் மூன்று பேர் எழுந்தருளியிருந்தார்கள். என் படத்தில் அக்கினி வரும் இடமெல்லாம் அதன் எதிரியும் வருகிறது.

ட்ரோனும் கொண்டுபோயிருந்தேன். 120 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கக்கூடாது என்பது விதி. கூட்டம் இல்லாத இடத்தில் ஆடுகள்தான் இருந்தன. ஆகையால் கலியாண வீடியோவில் ஆடுகள் மூன்று நிமிடம் வருகின்றன. அவை நன்றாக ஒத்துழைத்தன.

இவ்வளவும் முடிந்து, கெட்டிமேளம் கொட்டி, முந்நூற்றைம்பது பேர் அட்சதை தூவி, பெரியம்மாவின் கைபேசிக்கும் மாமாவின் கைபேசிக்கும் நடுவே கிடைத்த நான்கு விரல் இடைவெளியில் தாலி கட்டுவதையும் பிடித்தேன். ஆனால் உங்கள் கணக்கில் அங்கே நடந்தது கலியாணம் இல்லை. தேநீர் விருந்து என்று சொல்லலாம். கொஞ்சம் புகை கூடிய தேநீர் விருந்து.

சட்டப்படி செல்லும் கலியாணம் ஐந்து நாள் முன்பே முடிந்துவிட்டது. கவுன்சில் பதிவு அலுவலகத்தில் கிடைத்த நேரம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை மணி. செவ்வாய், அதுவும் ராகுகாலம். பொருத்தம் பார்த்த சாத்திரியார் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இரண்டு சாட்சிகள், இரண்டு வசனங்கள், ஒரு கையெழுத்து.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; இது புதுக்கதை இல்லை. ஆனாலும் உங்கள் சட்டத்தின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. அது மணமக்களைவிடக் கட்டடத்தை நேசிக்கிறது. 1995-இல் மாளிகைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் அனுமதி கொடுத்தீர்கள். ஆனால் கட்டடம் அசையாமல் நிலைத்து நிற்க வேண்டும் என்றீர்கள். விவாகரத்துகளின் தேசத்தில் கட்டடமாவது நிலைக்கட்டுமே என்று நினைத்திருப்பீர்கள். அந்த நாட்களில் மணமக்கள் தோட்டத்து மண்டபக் கூரையின் கீழே நிற்பார்கள், விருந்தினர் புல்லில் குந்தியிருப்பார்கள். கலியாணத்தைச் செல்லுபடியாக்கியது அந்த நான்கு தூண்கள்தான்.

2021 ஜூலை முதல் வெளியிலும் நடத்தலாம் என்று இறங்கி வந்தீர்கள். நன்றி. ஆனால் அந்த வெளி, அனுமதி பெற்ற இடத்தின் வளவுக்குள் இருக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்காரரிடம் அந்த அனுமதி இல்லை. விவசாய வயலில் வருடத்துக்கு 28 நாள் கூடாரம் அடிக்கப் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி வேண்டாம். கூடாரத்துக்குள் கலியாணம் நடக்கத்தான் வழியில்லை. அனுமதி இருந்தாலும் என்ன? அங்கே நடக்கும் பதிவுச் சடங்கில் சமயச் சாயல் கூடாது. கணபதி வெளியே காத்திருக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் இலவசமாக உள்ளே வரலாம் என்றும் விதி. தனியார் தோட்டத்தில் கடவுளுக்குத் தடை, வழிப்போக்கருக்கு வரவேற்பு. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு நகைச்சுவை உணர்வு நிறைய.

குவேக்கர்களும் யூதர்களும் எங்கே வேண்டுமானாலும் மணம் முடிக்கலாம். 1753-இல் களவுக் கலியாணங்களைத் தடுக்கச் சட்டம் வந்தபோதே அவர்களுக்கு விலக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் தாத்தாமார் அந்த வருடம் லண்டனில் இல்லாமற் போனது எங்கள் தவறுதான், மன்னியுங்கள். ஸ்கொட்லாந்தில் நடத்திவைப்பவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கூரையைப் பார்ப்பதில்லை. அதே மார்க்கியை லொறியில் ஏற்றி வடக்கே 300 மைலுக்கு மேல் கொண்டுபோய், தகுதி பெற்ற ஐயர் ஒருவரைப் பிடித்தால் அதே தாலி செல்லும். தாலிக்கும் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும்போல.

ஊரில் பதிவுத் திருமணத்துக்கு ‘எழுத்து’ என்று பெயர். அக்காவின் எழுத்துக்குப் பதிவாளர் பெரிய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வடையும் தேநீரும் எடுத்துவிட்டுத்தான் பேனையைத் திறந்தார். பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில், அண்ணாதுரை ஆட்சியில் வந்த 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் எளிது: உறவும் நட்பும் பார்த்திருக்க மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால், அது திருமணம். ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். தீயணைப்பானும் மிச்சம்.

சிரிப்பதற்கு நடுவே ஒன்று. எல்லோரும் செவ்வாய்க்கிழமை கவுன்சிலுக்குப் போவதில்லை. 1998-இல் சவுத்தோல் உணவகம் ஒன்றில் சமய முறைப்படி மட்டும் மணந்து, பிள்ளைகள் பெற்று வாழ்ந்த ஒரு பெண், பிரியும்போது நீதிமன்றம் போனார். அந்தச் சடங்கு செல்லாத திருமணம்கூட அல்ல, தகுதியே இல்லாத சடங்கு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேதி 2020 பெப்ரவரி 14. காதலர் தினம். உங்கள் தரப்பில் யாரும் நாள்காட்டி பார்ப்பதில்லை என்பது எனக்கு அன்றே தெரியும்.

இடத்தை விட்டுவிட்டு நடத்திவைப்பவரைப் பாருங்கள் என்று சட்ட ஆணைக்குழு 2022-இல் அறிக்கை தந்தது. திருத்தப்போகிறோம் என்று 2025 அக்டோபரில் அரசும் சொன்னது. அவசரம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் தவறினால் அடுத்த முகூர்த்தம் பார்ப்போம். நீங்கள் அடுத்த பாராளுமன்றம் பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒரு தொழில் சந்தேகம். படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது பொம்பிளையின் தகப்பன் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, செவ்வாய்க்கிழமை நான் போனில எடுத்த துண்டு ஒண்டு கிடக்கு. அதையும் எங்கையாவது போட்டுவிடும்” என்றார். நாற்பது விநாடி. சரிந்த கோணம். பொம்பிளை ஜீன்ஸில், பின்சுவரில், தீப்பிடித்தால் வெளியேறும் வழிக்கான பச்சைப் பலகை. நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒரே கலியாணத்தின் ஒரே ஒளிப்பதிவு அதுதான்.

எங்கே வைப்பது? தாலிக்கு முன்னால் வைத்தால் கதை கெடுகிறது. பின்னால் வைத்தால் ஆடுகளோடு முட்டுகிறது. கடைசியில், பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தபின், ஐயர் தும்மியதும் மாப்பிள்ளை கயிற்றில் தடுக்கியதும் வருகிற இடத்தில் வைத்தேன். அதில் கையெழுத்துப் போட்டு முடிந்ததும், படத்தில் தெரியாத தாயின் குரல் மட்டும் கேட்கிறது:

“முடிஞ்சுதே? அப்ப ஞாயிற்றுக்கிழமை கலியாணத்துக்கு நேரத்துக்கு வந்திடுங்கோ.”

அவர் அதைப் பதிவாளரைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் இல்லாத இன்னொரு சாட்சி